கூண்டு இறங்கும் நேரம்

வெள்ளிக்கிழமைதோறும்
காலியான பால்மாவு டப்பாவை மேசைமேல் வைக்கிறேன்.
பெயர் வேண்டாம், ஒரு வரி போதும்:
இந்த வாரம் என் பாடம் எங்கே இடறியது?

ஹுவானுனியில்
தகரம் தோண்டுகிறவர்களின் பிள்ளைகள் இவர்கள்.
தகரத்துக்குள் எதையாவது போடச் சொன்ன
முதல் ஆள் நான்தானாம்.
சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

சுண்ணக்கட்டி கீச்சிடுகிறது.
ஜன்னலோரம் கால் விறைக்கிறது.
எப்போதும் யெசெனியாவைத்தான் கூப்பிடுகிறீர்கள்.
பிறகு, நான்காய் மடித்த ஒன்று,
நீலப் பேனா, மறுபக்கம் புடைக்குமளவு அழுத்தி:

"டீச்சர், உங்கள் கேள்வி சுரங்கக் கூண்டு மாதிரி.
நான் கீழே கெச்சுவாவில் நிற்கிறேன்.
அது என்னிடம் வந்து சேர்வதற்குள்
நீங்களே மணியடித்து மேலே இழுத்துவிடுகிறீர்கள்.
எண்ணிப் பார்த்தேன். இரண்டு நொடி."

இரண்டா?

அன்றிரவு அடுக்களைக் கடிகாரத்தின் முன் நின்று
என்னையே கேட்டுப் பார்த்தேன்:
அழுத்தம் என்றால் என்ன?
முள் மூன்றாம் தடவை துடிக்குமுன்
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது பதில்,
கூப்பிடாத விருந்தாளி.
பதினாறு வருடம்.
எத்தனை வெறுங்கூண்டுகளை இழுத்திருப்பேன்.

திங்கட்கிழமை ஒரு ஸ்டவ், ஒரு சட்டி, ஒரு வெப்பமானி.
புத்தகத்தில் நூறு என்று போட்டிருக்கிறது.
தண்ணீர் தளதளக்கிறது,
சிவப்புக் கோடோ எண்பத்தேழைத் தாண்ட மறுக்கிறது.
"ஏன்?" என்றேன்.
வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றில் யெசெனியாவின் கை உயர்ந்தது.
பார்த்தேன் என்று கண்ணால் சொன்னேன். கூப்பிடவில்லை.
ஐந்தில் யாரோ இருமினார்கள்.
ஆறில் பதில் என் தொண்டைவரை ஏறிவிட்டது,
எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.
எட்டில் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து
எதிர்மலை காணாமல் போனது.

பதினொன்றில்
கடைசி வரிசையிலிருந்து
வருஷம் முழுக்க "உள்ளேன்" தவிர
வேறொன்றும் பேசாத ருஃபினோ:

"எங்கம்மா மூடிமேலே கல்லு வைப்பாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள்.
சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை நான்.
"கல் என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டு
மறுபடி விழுங்கக் காத்திருந்தேன்.
தேவைப்படவில்லை.

ஆவியைப் புடிச்சு வைக்குது.
இல்லேன்னா உருளைக்கிழங்கு மத்தியானம்வரைக்கும் வேகாது.
எங்க மாமா கடலோர ஊர்ல இருக்கார், அங்க சீக்கிரம் வெந்துடும்.
அங்க எல்லார் சட்டிமேலயும் கல்லு இருக்கா?
இல்லை, அங்க காத்துதான் கல்லு
என்றாள் சிஸா,
சொன்ன பிறகு தானே திடுக்கிட்டு.

பாதி ஸ்பானியம், பாதி கெச்சுவா,
இரண்டு பெஞ்சு நகர்ந்திருந்தது.
மலைமேலே காத்து மெலிசு, மூடி லேசு,
அதான் தண்ணி அவசரப்பட்டுக் கிளம்புது.
நோட்டில் நான் எழுதி வைத்திருந்த வரையறை
நோட்டிலேயே இருந்தது.

யாரோ முற்றத்திலிருந்து கல் கொண்டுவந்தார்கள்,
இன்னும் ஈயம் மினுக்கும் கல்.
மூடியில் ஆணியடித்த ஓட்டை வழியே வெப்பமானியை விட்டோம்.
எண்பத்தேழரை.
அரை டிகிரி, கண்ணின் பிழையாகவும் இருக்கலாம் என்றேன்.
"அதையும் எழுதணுமா?" என்றான் ருஃபினோ.
எழுதிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளி டப்பா கனத்தது.
சுண்ணக்கட்டி இன்னமும் கீச்சிடுகிறது.
யெசெனியா கையெழுத்து எனக்குத் தெரியும்:
"கை வலிக்கிறது. ஆனால் பரவாயில்லை."
அடியில் நான்காய் மடித்த தாள், அதே நீலம்:

"டீச்சர், இன்று பதினான்கு நொடி.
ஒன்பதிலேயே நான் ஏறிவிட்டேன்.
கூண்டுக்குள் நின்றுகொண்டு
மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் குறைக்கலாம்."